பிறக்கும் பிள்ளையின் எடைக்கு யார் பொறுப்பு: தாயா, பிள்ளையின் மரபணுவா? (ரேச்சல் ஃப்ரீதியின் ஆராய்ச்சி பற்றி)

உவர்மலை_ஆசிரியை

வணக்கம். நான் உயர்தரத்துக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். மரபியல் அலகு முடிகிற நேரம் ஒரு பிள்ளையாவது கட்டாயம் கேட்கும்: "டீச்சர், மெடிசின் கிடைக்காவிட்டால் இதைப் படித்து என்ன செய்வது?" திருகோணமலையில் பயோ என்றால் டொக்டர், இல்லாவிட்டால் ஒன்றுமில்லை என்கிற மாதிரித்தானே கதை. இந்த முறை பதிலுக்கு ஒரு விஞ்ஞானியின் தொழில் வாழ்க்கையைச் சொல்லத் தொடங்கினேன். பாதியில் மணி அடித்துவிட்டது. மிச்சத்தை இங்கே எழுதுகிறேன். அந்தப் பிள்ளைகளில் இரண்டு மூன்று பேர் வேறு பெயரில் இங்கே இருப்பது எனக்குத் தெரியும்.

ஆள் ரேச்சல் ஃப்ரீதி. இங்கிலாந்தின் தென்மேற்கில் எக்ஸெற்றர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். நோயாளி பார்க்கிறவர் இல்லை, மரபியல் ஆய்வாளர். இருபது வருடத்துக்குக் கிட்ட அவர் ஒரே விஷயத்தைத்தான் விடாமல் துருவிக்கொண்டிருக்கிறார்: வயிற்றில் பிள்ளை எவ்வளவு வளரும் என்பதில் மரபணுக்களின் பங்கு என்ன, அதற்கும் பிற்காலத்தில் வரும் சீனி வருத்தத்துக்கும் (நீரிழிவுக்கும்) என்ன தொடர்பு.

இதற்கு ஒரு முன்கதை இருக்கிறது. ஹேர்ட்ஃபோட்ஷயர் என்ற மாவட்டத்தில் 1911 தொடக்கம் மருத்துவிச்சிகளும் வீடு வீடாகப் போகும் தாதிகளும் ஒவ்வொரு பிள்ளையின் பிறப்பு எடையையும் ஒரு வயது எடையையும் பதிவேட்டில் எழுதி வந்தார்கள். 1980களில் டேவிட் பார்க்கரின் குழு அந்தப் பதிவேடுகளை எடுத்து, அந்தப் பிள்ளைகள் பெரியவர்களாகி என்ன ஆனார்கள் என்று தேடிப் பார்த்தது. எடை குறைவாகப் பிறந்தவர்களுக்கு இருதய நோயும், பிறகு பார்த்ததில் சீனியும் கூடுதலாக இருந்தன. 1992இல் பார்க்கரும் நிக்கலஸ் ஹேல்ஸும் ஒரு விளக்கம் சொன்னார்கள்: வயிற்றில் போசாக்குப் போதாத பிள்ளை சிக்கனமாக வாழப் பழகிவிடுகிறது, பிறகு சாப்பாடு தாராளமாகக் கிடைக்கும்போது அந்த உடம்பு தாங்குவதில்லை.

அதே எக்ஸெற்றரில் அன்ட்ரூ ஹற்றஸ்லி என்ற டொக்டர் இதை வேறு பக்கத்தால் பார்த்தார். தாயின் குளுக்கோஸ் தொப்புள்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போகும், தாயின் இன்சுலின் போகாது. பிள்ளை தனக்கான இன்சுலினைத் தானே சுரக்க வேண்டும். வயிற்றுக்குள் பிள்ளையை வளர்க்கிற முக்கிய ஹோர்மோனும் அந்த இன்சுலின்தான். அப்படியென்றால் இன்சுலின் குறைவாகச் சுரக்கிற மரபணுவோடு உருவான பிள்ளை சின்னதாகப் பிறக்கும், அதே மரபணுவால் பிறகு சீனியும் வரும். சின்ன எடையும் சீனியும் ஒரே வேரிலிருந்து வரலாம் இல்லையா?

1998இல் அவர் குழு குளுக்கோகைனேஸ் என்ற மரபணுவில் கோளாறு உள்ள குடும்பங்களை எடுத்துப் பார்த்தது. இரத்தத்தில் சீனி எவ்வளவு என்று கணையத்துக்கு உணர்த்துகிற மரபணு அது. கோளாறு பிள்ளைக்கு மட்டும் இருந்தால் எடை சுமார் 530 கிராம் குறைந்தது. தாய்க்கு மட்டும் இருந்தால் தாயின் சீனி கூடி, அது பிள்ளைக்குப் போய், பிள்ளையின் இன்சுலினும் கூடி, எடை சுமார் 600 கிராம் ஏறியது. இரண்டு பேருக்கும் இருந்தால் பிள்ளை சாதாரண எடையில் பிறந்தது! ஏறினதும் இறங்கினதும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிட்டன. வகுப்பில் இதைச் சொன்னபோது பின்வரிசையில் தூங்கிக்கொண்டிருந்தவனும் நிமிர்ந்தான்.

குளுக்கோகைனேஸ் கோளாறு அபூர்வம். சாதாரண மக்களிலும், ஆளுக்கு ஆள் இருக்கிற சின்னச் சின்ன மரபணு வேறுபாடுகளிலும் இதே இழுபறி நடக்கிறதா? ஃப்ரீதி கையில் எடுத்தது இந்தக் கேள்வியை.

---

சம்பூரான்

டீச்சர், வாசிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் எனக்கு இந்தப் பரம்பரைக் கதையில் எப்போதும் ஒரு சந்தேகம். என் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ சீனி இல்லை. எனக்கு நாற்பதில் வந்துவிட்டது. என் வயதுக்காரர்கள் பாதிப்பேருக்கு இருக்கிறது. எங்களைச் சுமந்த காலத்தில் எங்கள் அம்மாமார் அகதி முகாமில் கஞ்சியோடு இருந்தார்கள். பார்க்கர் சொன்னதுதான் எங்களுக்குப் பொருந்துகிறது. மரபணு என்று சொன்னால் யாரும் பொறுப்பெடுக்கத் தேவையில்லை, அதுதான் இந்த வெள்ளைக்காரர்களுக்கு அந்த விளக்கம் பிடித்திருக்கிறது போல.

---

ஆய்வுகூட_அண்ணா

சம்பூரான் அண்ணா, பட்டினியின் விளைவை யாரும் இல்லை என்று சொல்லவில்லை. 1944–45 குளிர்காலத்தில் ஜேர்மன் படை நெதர்லாந்தின் மேற்குப் பகுதிக்குச் சாப்பாடு போகவிடாமல் மறித்தது. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 1,000 கலோரிக்கும் கீழே. அந்த மாதங்களில் வயிற்றில் இருந்தவர்களை ஐம்பது வயதளவில் கூப்பிட்டு, குளுக்கோஸ் குடிக்கக் கொடுத்துப் பரிசோதித்தார்கள். 1998இல் வெளிவந்த முடிவு: இரண்டு மணித்தியாலச் சீனி அவர்களுக்கு மற்றவர்களைவிடக் கூடுதல். இதை மரபணுவால் மட்டும் விளக்க முடியாது. பஞ்சம் எல்லா மரபணுக்காரருக்கும் பொதுவாகத்தானே வந்தது.

ஆனால் உங்கள் தலைமுறையில் சீனி கூடியதற்கு முகாம் மட்டும் காரணம் என்றால், முகாமையே காணாத காலியிலும் குருநாகலிலும் ஏன் கூடியது? 2018–19இல் நாடு முழுக்க எடுத்த ஆய்வில் வயது வந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் சீனி. எங்கள் ஆய்வுகூடத்துக்கு வருகிற சிட்டைகளைப் பார்த்தாலே தெரியும்.

---

ஓய்வுபெற்ற_மிஸ்

நான் தம்பலகாமப் பக்கம் நெடுங்காலம் குடும்பநல மாதுவாக, வீடு வீடாகப் போகும் மருத்துவிச்சியாக இருந்தவள். மரபணு எனக்கு விளங்காது, தராசு விளங்கும்.

வீட்டுக்குப் போய்ப் பிள்ளையை நிறுக்கிற காட்சியை டீச்சரின் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். கூரை வளையில் தராசைக் கொழுவி, துணிக் காற்சட்டையில் பிள்ளையைப் போட்டுத் தூக்கினால் அது காலை உதறும், முள் ஆடும். முள் நிற்கும்வரை வீட்டில் ஒரு சத்தம் இருக்காது. 2.5 கிலோவுக்கு மேலே நின்றால் எல்லோரும் சிரிப்பார்கள். கீழே நின்றால் எல்லோருடைய கண்ணும் ஒரே நேரத்தில் தாயின் பக்கம் திரும்பும். "என்னத்தைச் சாப்பிட்டாய் நீ?" மாமியார் கேட்பார், புருஷன் கேட்பான், சில இடங்களில் எங்கள் ஆட்களே கேட்பார்கள். கர்ப்பிணிக்கென்று கொடுத்த திரிபோஷா சத்துமாப் பைக்கற்றை யார் தின்றது என்று விசாரணை நடக்கும். (பாதி வீடுகளில் மூத்த பிள்ளைகள்தான் தின்றிருக்கும், அது வேறு கதை.)

டீச்சர் சொல்வது உண்மையென்றால், சில பிள்ளைகள் தாய் ஒழுங்காகச் சாப்பிட்டும் சின்னதாகத்தான் பிறக்கும், அப்படித்தானே?

---

உவர்மலை_ஆசிரியை

ஆம் மிஸ், அப்படித்தான்.

2010இல் ஃப்ரீதி முதல் பெயராக இருந்த கட்டுரை ஒன்று வந்தது. சாதாரண மக்களில் பிறப்பு எடையோடு தொடர்புள்ள இரண்டு இடங்களை மரபணுத் தொகுதியில் உறுதியாகக் கண்டுபிடித்தார்கள். ஒன்று ஏ.டி.சி.வை.5 என்ற மரபணுவில், மற்றது சி.சி.என்.எல்.1 என்ற மரபணுவுக்குப் பக்கத்தில். இந்த இரண்டு இடங்களிலும் ஆளுக்கு இரண்டிரண்டு பிரதி. நான்குமே எடை குறைக்கிற வகையாக அமைந்த பிள்ளைகள் ஐரோப்பியர்களில் 9 சதவீதம். ஒன்றோ பூச்சியமோ உள்ளவர்களைவிட அவர்கள் சராசரியாக 113 கிராம் குறைவாகப் பிறந்திருந்தார்கள். தாய் கடைசி மூன்று மாதமும் நாளுக்கு நான்கைந்து சிகரெட் குடித்தால் எவ்வளவு எடை குறையுமோ அவ்வளவு இது. சிகரெட்டைத் தொடாத தாயின் பிள்ளைக்கு!

இன்னொன்றும் இருக்கிறது. ஏ.டி.சி.வை.5 இல் எடையைக் குறைக்கிற அதே வகை, பெரியவர்களில் இரண்டாம் வகைச் சீனியின் ஆபத்தைக் கூட்டுகிறது. ஹற்றஸ்லி அபூர்வக் குடும்பங்களில் பார்த்ததன் சாயல் சாதாரண மக்களிலும் தெரிந்தது.

சம்பூரான் அண்ணாவுக்கு: மரபணு என்றால் யாரும் பொறுப்பெடுக்கத் தேவையில்லை என்று நான் சொல்ல வரவில்லை. தாயை மட்டும் கூண்டில் ஏற்றுவது சரியில்லை என்கிறேன். பட்டினி போட்டவர்களின் பொறுப்பு அப்படியே இருக்கிறது.

---

பாலையூற்று_பொடியன்

டீச்சர் (என்னைத் தெரியும் என்று நினைக்கிறேன், சொல்லிவிடாதீர்கள்). ஒரு கேள்வி. பிள்ளையின் மரபணுவில் பாதி தாயுடையதுதானே. தாயிடம் ஒரு வகை இருந்து பிள்ளையின் எடை கூடினால், அது தாயின் உடம்பு செய்த வேலையா, பிள்ளைக்குக் கடத்தப்பட்ட மரபணு செய்த வேலையா என்று எப்படிப் பிரிப்பது? இரண்டும் எப்போதும் சேர்ந்தே வருமே.

---

உவர்மலை_ஆசிரியை

தெரியும் தம்பி, சொல்லமாட்டேன். நல்ல கேள்வி. ஃப்ரீதியின் தொழில் வாழ்க்கையின் நடு முடிச்சும் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

தாய்க்கு ஒவ்வொரு மரபணுவிலும் இரண்டு பிரதி. ஒன்று பிள்ளைக்குப் போகும், மற்றது தாயோடு நிற்கும். போகாத அந்தப் பிரதி பிள்ளையின் உடம்பில் எதுவும் செய்ய முடியாது, ஏனென்றால் அது அங்கே இல்லை. ஆனால் தாயின் சீனியையும் பிரஷரையும் அது மாற்றும், அதன் வழியாகக் கருப்பையின் நிலையை மாற்றும். ஆகவே போகாத பிரதிக்கும் பிள்ளையின் எடைக்கும் தொடர்பு தெரிந்தால் அது தாயின் உடம்பு செய்த வேலை. இதே மாதிரி தகப்பனிடமிருந்து வந்த பிரதி தாயின் உடம்பில் இல்லை. அதன் விளைவு பெரும்பாலும் பிள்ளையின் சொந்தக் கணக்கு.

இதைச் செய்யத் தாயும் பிள்ளையும் சோடியாக வேண்டும், இரண்டு பேரின் டி.என்.ஏ.யும் வேண்டும். அப்படிப்பட்ட தொகுதிகள் சின்னவை. ஃப்ரீதி ஒருங்கிணைக்க உதவிய 'ஆரம்ப வளர்ச்சி மரபியல்' கூட்டமைப்பு, பல நாடுகளின் குழுக்களுடைய தரவை ஒன்றாகச் சேர்த்தது. அதோடு யூகே பயோபாங்க் வந்தது. பிரித்தானியாவில் 40 முதல் 69 வயது வரையான ஐந்து இலட்சம் பேர் இரத்தம் கொடுத்து, கேள்விக்கொத்து நிரப்பிய தொகுதி அது. அதில் இரண்டு கேள்விகள்: நீங்கள் பிறக்கும்போது எவ்வளவு எடை? பெண்கள் என்றால், உங்கள் முதல் பிள்ளை எவ்வளவு எடை? ஒரே பெண் முதல் கேள்வியில் பிள்ளையாகவும் இரண்டாவதில் தாயாகவும் நிற்கிறாள். இரண்டு பதில்களையும் வைத்து, எந்த மரபணு எந்தப் பாத்திரத்தில் வேலை செய்கிறது என்று கணக்குப் போட்டுப் பிரிக்க ஒரு முறை உருவாக்கினார்கள்.

2016இல் எடையோடு தொடர்புள்ள 60 இடங்கள். 2019இல் சொந்த எடை தெரிந்த மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டவர்களையும், பிள்ளையின் எடை தெரிந்த இரண்டு இலட்சத்து முப்பதாயிரம் தாய்மாரையும் சேர்த்துப் பார்த்தபோது 190. அவற்றில் சில தாய் வழியாக மட்டும் வேலை செய்கின்றன, சில பிள்ளை வழியாக மட்டும், சில இரண்டு வழியாலும். ஒரே திசையில் இழுப்பதும் உண்டு, எதிரெதிராக இழுப்பதும் உண்டு.

சீனி மரபணுக்களிலேயே இது தெரிகிறது. ரி.சி.எஃப்.7.எல்.2 என்று ஒன்று, சீனி ஆபத்தைக் கூட்டும் பொதுவான வேறுபாடுகளில் மிக வலுவானது. 2007இல் ஃப்ரீதியும் கூட்டாளிகளும் காட்டியது: அது தாயிடம் இருந்தால் ஒவ்வொரு பிரதிக்கும் பிள்ளையின் எடை 30 கிராம் அளவில் ஏறுகிறது, ஏனென்றால் தாயின் சீனி ஏறுகிறது. இரண்டு வருடம் கழித்து வேறு இரண்டு சீனி மரபணு இடங்களைப் பார்த்தார்கள். அவை பிள்ளையிடம் இருந்தால் எடை இறங்குகிறது.

---

பாலையூற்று_பொடியன்

அப்போ தராசில் 3 கிலோ என்று வருவது இந்த ஏற்ற இறக்கம் எல்லாம் கூட்டிக் கழித்த விடையா?

---

உவர்மலை_ஆசிரியை

ஆம். விடையை மட்டும் பார்த்து எந்த எண்களைக் கூட்டினார்கள் என்று சொல்ல முடியாது.

---

கிண்ணியா_ராத்தா

அஸ்ஸலாமு அலைக்கும். என் இரண்டாவது மகன் 4.1 கிலோ. எனக்கு 26 கிழமையில் சீனி என்று சொன்னார்கள். ஒரு கிளினிக்கில் எல்லோருக்கும் முன்னால் "வட்டிலப்பத்தைக் குறைத்திருக்கலாமே" என்று சொல்லிச் சிரித்தார்கள். நான் வட்டிலப்பம் சாப்பிடுவதே பெருநாளைக்குத்தான். அன்றிலிருந்து அந்தப் பக்கம் போகவே மனமில்லை. இப்போது மூன்றாவது. டீச்சர், இது என் மரபணுவா, என் சாப்பாடா?

---

உவர்மலை_ஆசிரியை

வஅலைக்கும் ஸலாம் ராத்தா. அப்படிச் சிரித்தது தவறு, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

கர்ப்பத்தின் பிற்பகுதியில் நஞ்சுக்கொடியின் ஹோர்மோன்களால் எல்லாத் தாய்மாருக்கும் இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போகும். உடம்பு கூடுதலாக இன்சுலின் சுரந்து ஈடுகட்ட வேண்டும். அந்த ஈடுகட்டும் சக்தியில் மரபணுவின் பங்கு கணிசமானது. சாப்பாடு, எடை, நடை, வயது எல்லாம் அதன் மேல் வந்து சேர்கின்றன. இவ்வளவு சதவீதம் இது, இவ்வளவு அது என்று ஒரு தனி ஆளுக்கு யாராலும் பிரித்துத் தர முடியாது. ஆனால் வந்தபிறகு சீனியைக் கட்டுப்படுத்தினால் பிள்ளைக்கும் உங்களுக்கும் நன்மை என்பதில் சந்தேகமே இல்லை. மரபணு யாருடையதாக இருந்தாலும் பிள்ளைக்குப் போவது குளுக்கோஸ், அதைக் குறைக்க வழி இருக்கிறது.

2008இல் 9 நாடுகளில் இருபத்து மூவாயிரத்துக்கு மேற்பட்ட கர்ப்பிணிகளை வைத்து ஒரு பெரிய ஆய்வு வந்தது. தாயின் சீனி ஏற ஏறப் பிள்ளையின் எடையும் ஏறுகிறது, இதற்கு மேலே ஆபத்து, கீழே இல்லை என்று கோடு எதுவும் இல்லை என்று அது காட்டியது. அதை வைத்துத்தான் வெறும் வயிற்றில் 92, குளுக்கோஸ் குடித்து ஒரு மணித்தியாலத்தில் 180, இரண்டில் 153 என்ற எல்லைகள் வந்தன. ஒன்று தாண்டினாலே கர்ப்பகாலச் சீனி. கோடு நாங்கள் போட்டதுதான், உடம்பு போட்டதில்லை.

---

ஆய்வுகூட_அண்ணா

பெரிய பிள்ளை என்றவுடன் தாயின் சீனி என்று முடிவு கட்டுவதும் எப்போதும் சரிவராது. எச்.என்.எஃப்.4.ஏ என்று ஒரு மரபணு இருக்கிறது. அதில் கோளாறு உள்ள பிள்ளை வயிற்றில் அளவுக்கு மிஞ்சி இன்சுலின் சுரக்கும். 2007இல் எக்ஸெற்றர் குழு சொன்னபடி சராசரியாக 790 கிராம் கூடுதலாகப் பிறக்கும், பிறந்தவுடன் சில பிள்ளைகளுக்குச் சீனி கீழே விழும். அதே பிள்ளைக்கு வாலிப வயதில் இன்சுலின் குறைந்து சீனி வருத்தம் வரும். கணையம் ஏன் இப்படிக் குத்துக்கரணம் அடிக்கிறது என்பது இன்னும் முழுசாகப் பிடிபடாத விஷயம். ராத்தா, இது அபூர்வம், உங்களுக்கு இருக்கும் என்று யோசிக்க வேண்டாம்.

எக்ஸெற்றர் ஆய்வுகூடத்தால் நேரடியாகப் பலன் கண்ட ஒரு கூட்டத்தையும் சொல்ல வேண்டும். பிறந்து ஆறு மாதத்துக்குள் சீனி வருகிற குழந்தைகள். முன்பு இவர்களை முதலாம் வகை என்று நினைத்து வாழ்நாள் முழுக்க ஊசி போட்டார்கள். 2004இல் ஹற்றஸ்லி, அன்னா க்ளோய்ன் எல்லோருமாக இவர்களில் பலருக்குக் கே.சி.என்.ஜே.11 மரபணுவில் கோளாறு என்று கண்டுபிடித்தார்கள். அந்தக் கோளாறால் கணையக் கலத்தில் மூட வேண்டிய ஒரு பொற்றாசிய வாசல் திறந்தே கிடக்கும், இன்சுலின் வெளியே வராது. பழைய, மலிவான சல்ஃபொனைல்யூரியா குளிசை அந்த வாசலை மூடும், இன்சுலின் வரத் தொடங்கும். 2006இல் 49 பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், 44 பேர் ஊசியை நிறுத்திவிட்டார்கள். கிளிபென்கிளமைட் எங்கள் பார்மசியிலும் கிடைக்கிற மருந்துதான். பல நாடுகளிலிருந்து இப்படிப்பட்ட குழந்தைகளின் இரத்தத்தை வாங்கி இலவசமாகவே பரிசோதித்துக் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் குழந்தைகள் பெரும்பாலும் எடை குறைந்து பிறக்கிறவர்கள் என்பதையும் கவனியுங்கள். இன்சுலின் இல்லை, வளர்ச்சி இல்லை.

---

சம்பூரான்

சரி, ஒப்புக்கொள்கிறேன், வேலை செய்திருக்கிறார்கள். ஆனால் டீச்சர் சொன்ன 190 இடங்களும் யாருடைய இரத்தத்தில் தேடியவை? ஐரோப்பியர்களில் 9 சதவீதம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மூதூரில் பிறக்கிற பிள்ளைக்கு அது எப்படிப் பொருந்தும்?

---

ஆய்வுகூட_அண்ணா

இதில் உங்கள் பக்கம்தான் நான். பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளித் தரவு. இந்தத் துறையின் பெரிய ஓட்டை அது.

எங்களுக்குக் கிட்ட வருகிற வேலை புனேயில் நடந்தது. சித்தரஞ்சன் யாஜ்னிக் 1990களில் புனேயைச் சுற்றியுள்ள கிராமங்களின் கர்ப்பிணிகளைப் பின்தொடரத் தொடங்கினார். அங்கே பிள்ளைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சௌத்ஹம்டனில் 3.5. கை, வயிறு எல்லாம் சின்னது. ஆனால் முதுகுத் தோலை இடுக்கியால் பிடித்து அளந்தபோது கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. மெலிந்த பிள்ளைக்குள் கொழுத்த பிள்ளை. 2.6 கிலோவில் பிறந்த எங்கள் பிள்ளையையும் அதே எடையில் பிறந்த வெள்ளைக்காரப் பிள்ளையையும் ஒரே மாதிரி வாசிக்க முடியாது. இங்கிலாந்தின் பிரட்ஃபோர்டில் 2007 தொடக்கம் சேர்த்த பிள்ளைகள் தொகுதியில் பாதிக்குக் கிட்ட பாகிஸ்தானிய வம்சாவளி. அங்கேயும் இதே மாதிரிதான் தெரிந்தது.

---

உவர்மலை_ஆசிரியை

நானும் அதோடு ஒத்துப்போகிறேன். ஆனால் ஒரு சின்ன எதிர்வாதம். டி.என்.ஏ.யில் எந்த எழுத்து மாறியிருக்கிறது என்பது ஊருக்கு ஊர் வேறுபடலாம். தாயின் குளுக்கோஸ் நஞ்சுக்கொடியைக் கடக்கும், இன்சுலின் கடக்காது என்பது எக்ஸெற்றரிலும் மூதூரிலும் ஒன்றுதான்.

2019 ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு பிரஷரைப் பற்றியது. சின்ன எடையில் பிறந்தவர்களுக்குப் பிற்காலத்தில் பிரஷர் வருகிறது என்று பார்க்கர் காலத்திலிருந்து சொல்லி வந்தார்கள், வயிற்றுக்குள் பட்ட கஷ்டம்தான் காரணம் என்று. தாயையும் பிள்ளையையும் பிரித்துக் கணக்குப் போட்டபோது வேறு படம் வந்தது. தாயின் பிரஷர் பிள்ளையின் எடையைக் குறைப்பது உண்மை. ஆனால் அந்தப் பிள்ளைக்குப் பிறகு பிரஷர் வருவதற்குக் காரணம் பெரும்பாலும் தாயிடமிருந்து வந்த அதே மரபணு, சின்னதாகப் பிறந்தது இல்லை. பார்க்கர் கண்ட தொடர்பு பொய்யில்லை, அதற்கு அவர் சொன்ன காரணம் இந்த இடத்தில் அவ்வளவு தாங்கவில்லை. இது சாதாரண அளவுகளுக்குள் நடக்கிற வேறுபாட்டைப் பற்றியது. நெதர்லாந்துப் பஞ்சம் போன்ற கடுமையான நிலைமைக்கு இதை இழுக்கக் கூடாது, சம்பூரான் அண்ணாவின் முகாமுக்கும்தான்.

---

பாலையூற்று_பொடியன்

டீச்சர், அவர் எப்படி அந்த இடத்துக்கு வந்தார்? நாங்கள் இங்கிருந்து எப்படிப் போவது?

---

உவர்மலை_ஆசிரியை

அவருடைய பெயர் பரவலாகத் தெரியத் தொடங்கியது 2007இல், எஃப்.ரி.ஓ. மரபணு உடற்பருமனோடு தொடர்புள்ளது என்று கண்டுபிடித்த கட்டுரையில். டிம் ஃப்ரேலிங் முதற்பெயர், ஃப்ரீதியின் பெயர் ஐந்தாவது. எடை கூட்டும் வகை இரண்டு பிரதியிலும் உள்ள பெரியவர்கள், ஒன்றிலும் இல்லாதவர்களைவிடச் சராசரி 3 கிலோ கூடுதல். அந்த விளைவு ஏழு வயதிலிருந்து தெரிகிறது, பிறப்பு எடையில் தெரியவில்லை. வயிற்றுக்குள் வளர்வதும் வெளியே வந்து கொழுப்பதும் வேறு வேறு கணக்கு என்பதற்கு அதுவே ஒரு தடயம். அதன்பிறகு வெல்கம் நிதியத்தின் ஆராய்ச்சி உதவிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடைத்தன. அண்மையில் நஞ்சுக்கொடியின் எடைக்கான மரபணுக்களையும் அவர் இருந்த கூட்டு 2023இல் வெளியிட்டது. கட்டுரைகளின் ஆசிரியர் பட்டியலைப் பார்த்தால் நூற்றுக்கணக்கில் பெயர் இருக்கும். தனி மேதை ஒருவர் இரவில் விழித்திருந்து கண்டுபிடிக்கிற துறை இல்லை இது. மின்னஞ்சல் எழுதத் தெரிய வேண்டும், மற்றவர் தரவைக் கேட்டு வாங்கத் தெரிய வேண்டும்.

நீங்கள் போக வேண்டிய வழி: இந்த வேலையில் பெரும்பகுதி வெள்ளைக் கோட்டோடு நடப்பதில்லை, புள்ளிவிபரமும் கணினியும்தான். 'ஆர்' என்ற கணினி மொழி இலவசம், இன்றைக்கே இறக்கிப் பழகலாம். கொழும்புப் பல்கலைக்கழகத்தில் உயிரிரசாயன, மூலக்கூற்று உயிரியல் நிறுவனமும் மருத்துவ பீடத்தில் மனித மரபியல் பிரிவும் இருக்கின்றன. வந்தாறுமூலையில் விஞ்ஞான பீடம் இருக்கிறது. கோணேசபுரி வளாகத்தில் கணினி விஞ்ஞானம் படிக்கிறவர்களுக்கும் இந்தத் துறையில் வேலை இருக்கிறது, அங்கே யாரும் அதைச் சொல்வதாகத் தெரியவில்லை. கணித பாடத்தை வெறுத்துப் பயோவுக்கு வந்த பிள்ளைகள் மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். தம்பி, நீர் உட்பட.

---

பாலையூற்று_பொடியன்

😐

---

கிண்ணியா_ராத்தா

எல்லோருக்கும் நன்றி. மிஸ், எனக்குப் பிள்ளை கிடைத்த பிறகும் சீனி பார்க்க வேண்டுமா? போன முறை பார்க்கவில்லை. பிள்ளை பிறந்தவுடன் சரியாகிவிட்டது என்றார்கள்.

---

ஓய்வுபெற்ற_மிஸ்

கட்டாயம் பார்க்க வேண்டும் மகள். பிறந்தவுடன் அளவு இறங்கும்தான். ஆனால் கர்ப்பத்தில் வந்தவர்களுக்குப் பின்னாளில் சீனி வருகிற ஆபத்து மற்றத் தாய்மாரைவிட ஏழெட்டு மடங்கு. கிளினிக்கில் மீண்டும் யாராவது அப்படிக் கதைத்தால் உங்கள் பகுதி மிஸ்ஸிடம் சொல்லுங்கள், அவரோடு சேர்ந்து போங்கள். போகாமல் மட்டும் விடாதீர்கள். போன முறை பார்க்காததால் இந்த முறை முதல் கிளினிக்கிலேயே சீனி பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், 24 கிழமைவரை காத்திருக்க வேண்டாம்.

பிள்ளை கிடைத்து ஆறு கிழமையில் திரும்பவும் குளுக்கோஸ் குடித்துப் பார்ப்பார்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீர் மட்டும். இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் அங்கேயே இருக்க வேண்டிவரும், பிள்ளையைத் தூக்கி வைத்திருக்க உம்மாவையோ தங்கச்சியையோ கூட்டிக்கொண்டு போங்கள். அதில் ஒன்றும் இல்லை என்று வந்தாலும் பிறகும் வருடம் ஒருமுறை பாருங்கள். கடைசி இரத்தம் எடுத்து முடிந்ததும் சாப்பிட வீட்டிலிருந்து ஏதாவது கொண்டு போவது நல்லது, பக்கத்துக் கன்ரீனில் அந்நேரம் ரோல்ஸ் மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.